மூன்றாவது மாத்திரைக்கு முன்னால் ஒரு கேள்வி

மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு அறுவை சிகிச்சை உண்டு. பெரம்பலூர், அரியலூர் வீடுகளுக்கு அந்தச் செய்தி வந்து சேர்வதற்குள் ஒரு இளமையே கழிந்துவிடுகிறது.

செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் எடுக்கும் காலம். களத்து மேட்டில் கீற்றுப் பந்தலுக்குக் கீழே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தாள் அரிந்துகொண்டிருக்கிறார்கள். பேச்சும் சிரிப்புமாக வேலை ஓடுகிறது. நடுவில் ஒருத்தியின் கை மட்டும் நிற்கிறது. கண் ஒரே இடத்தில் குத்திட்டுப் போகிறது. வாய் எதையோ சுவைப்பதுபோல் சப்புக்கொட்டுகிறது. இடது கை சேலைத் தலைப்பை நிரடிக்கொண்டே இருக்க, வலது கை விறைத்துத் திருகிக்கொள்கிறது. அதில் கத்தி இருக்கிறது.

“ஏண்டி, கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், காதுல விழலையா?”

ஒன்றரை நிமிடம் கழித்து அவள் மலங்க மலங்க விழிக்கிறாள். எங்கே இருக்கிறோம் என்று புரியவே சற்று நேரமாகிறது. கீழே விழவில்லை, நுரை தள்ளவில்லை, கை கால் வெட்டி இழுக்கவில்லை. அதனால் பக்கத்தில் இருப்பவர்கள் யாரும் இதை வலிப்பு என்று நினைப்பதில்லை. “அப்பப்ப இப்படித்தான் பேயறைஞ்ச மாதிரி உக்காந்துடுவா” என்று சொல்லிவிட்டு அடுத்த கூடையை இழுத்துக்கொள்கிறார்கள். அவள் மட்டும் சின்ன வயதிலிருந்து அம்மாவிடம் சொல்லி வந்திருக்கிறாள்: “வயித்துலேருந்து என்னமோ மேல ஏறுதும்மா.”

இது ஒரு தனிப் பெண்ணின் கதை இல்லை. வலிப்பு நோயுள்ள பல வீடுகளில் சொல்லப்படுவதைச் சேர்த்து வரைந்த படம். ஆனால் மூளை நரம்பியல் மருத்துவர் எவரிடமாவது இந்தப் படத்தைக் காட்டினால், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளை மடலிலிருந்து கிளம்பும் வலிப்பு என்று அவர் உடனே சந்தேகிப்பார். வயிற்றிலிருந்து மேலே ஏறும் உணர்வு, சப்புக்கொட்டும் வாய், நிரடும் கை எல்லாமே அந்த இடத்தைச் சுட்டிக் காட்டும் அடையாளங்கள். மருந்துக்கு அதிகம் அடங்காத வலிப்பு வகைகளில் இது ஒன்று. அறுவை சிகிச்சைக்கு நன்றாக அடங்கும் வகைகளிலும் இதுவே முதல் வரிசையில் நிற்கிறது. இந்த இரண்டாவது செய்திதான் அந்தக் களத்து மேட்டுக்கு வரவில்லை.

இரண்டு தோற்றால் போதும்

வலிப்பு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரை போதும். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. ஒழுங்கான மருத்துவம் கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதிப் பேரைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

எப்போது ஒருவரை ‘மருந்துக்குக் கட்டுப்படாதவர்’ என்று சொல்வது? 2010-இல் சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புச் சங்கம் இதற்குத் தெளிவான வரையறை கொடுத்தது. நோயாளியின் வலிப்பு வகைக்குப் பொருத்தமான இரண்டு மருந்துகளை, உடல் தாங்கும் முறையில், போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லையா? அவ்வளவுதான். ஐந்து மருந்து, பத்து வருடம் என்றெல்லாம் கணக்கு இல்லை. இரண்டு தோற்றால் போதும்.

இந்த எண் சும்மா வந்ததில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குவான், பிரோடி என்ற மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டு ஒரு கணக்கை வெளியிட்டார்கள். புதிதாக மருந்து தொடங்கியவர்களில் 47 சதவீதம் பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் இன்னும் 13 சதவீதம். அதற்குப் பிறகு மூன்றாவது மருந்து, இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது என எல்லாம் செய்து பார்த்தும் கூடுதலாகக் கிடைத்தது 4 சதவீதம்தான். அந்த 4 சதவீதத்தை நம்பித்தான் நம் ஊர்களில் பத்து, பதினைந்து ஆண்டுகள் மாத்திரை நிறம் மாறிக்கொண்டே போகிறது.

நம் இரு மாவட்டங்களில் எத்தனை பேர்? வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று, 1,000 பேருக்கு ஏறத்தாழ 4 பேர் வலிப்பு நோயுடன் இருப்பதாகக் கண்டது. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர், அரியலூர் இரண்டிலும் சேர்த்து 13 லட்சத்துக்கு மேல் மக்கள். அந்த விகிதத்தைப் பொருத்திப் பார்த்தால் 5,000 பேர். அதில் மூன்றில் ஒரு பங்கினர் மருந்துக்கு அடங்காதவர்கள் என்று கொண்டாலும் 1,600 பேருக்கு மேல். அத்தனை பேருக்கும் அறுவை சிகிச்சை பொருந்தாது. ஆனால், அத்தனை பேரும் ஒருமுறையாவது அதற்கான பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டியவர்கள்.

■ பெட்டிச் செய்தி: சாவிக்கொத்து வேண்டாம்

யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். சில நிமிடங்களில் தானாக நிற்கும் வலிப்பு, சாவியால் நின்றதுபோல் தோன்றுகிறது. வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள். கல், கத்தி, அடுப்பு போன்றவற்றிலிருந்து விலக்கி, தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ 108-ஐ அழையுங்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் கைபேசியில் அதைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

கிணறு, அடுப்பு, கல்யாணம்

வலிப்பு நோய் எப்படிக் கொல்கிறது என்பதை இந்த மண்ணின் அமைப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். பெரம்பலூர் மாவட்டத்தின் மக்காச்சோளமும் பருத்தியும் வெங்காயமும் பெரிய திறந்த கிணறுகளைச் சுற்றி வளர்கின்றன. பல கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் ஒரு நிமிட நினைவிழப்பு போதும். வீட்டுக்குள் பெண்களுக்கு அடுப்பு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் ஆலை வேலைகளும். ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். ‘உண்டு’ என்று எழுதினால் பிழைப்பு போய்விடும் என்பதால் மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

விபத்தே இல்லாமலும் சாவு வருகிறது. இரவு படுத்தவர் காலையில் எழுவதில்லை. வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் இப்படித் திடீரென இறக்கிறார் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. அடிக்கடி பெரிய வலிப்பு வருகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ‘தூக்கத்துல போயிட்டான்’ என்று ஊர் சொல்லும் சில சாவுகளுக்குக் காரணம் இது.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாத கோபம் வருவது கல்யாண விஷயத்தில்தான். பெண்ணுக்கு வலிப்பு இருப்பதை மறைத்து மணமுடிக்கிறார்கள். புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துவைத்து விழுங்க வேண்டும். இரண்டு நாள் தப்பினால் வலிப்பு வரும். வந்தால் ‘ஏமாத்திக் கட்டி வெச்சுட்டாங்க’ என்று திருப்பி அனுப்புவார்கள். வலிப்பு இருப்பது திருமணத்தை ரத்து செய்யக் காரணமாகும் என்று இந்து திருமணச் சட்டத்தில் ஒரு வாசகம் இருந்தது. 1999-இல் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. சட்டம் மாறி கால் நூற்றாண்டு ஆகியும், பெண் பார்க்கும் திண்ணைக்கு அது வரவில்லை. கர்ப்பம் தரித்தால் இன்னொரு சிக்கல்: சோடியம் வால்ப்ரோயேட் போன்ற மருந்து வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கக்கூடும். மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி மாற்றிக்கொள்ள வேண்டியது அது. மறைத்து விழுங்குகிறவள் யாரிடம் போய்ப் பேசுவாள்?

இதற்கு நடுவே மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கும் நாள். ஒரு நாள் கூலி போகும். முதல் பேருந்தைப் பிடித்து வரிசையில் நின்றால், சீட்டில் போன மாதம் எழுதியதே மறுபடி எழுதப்படும். ‘வலிப்பு வருதா?’ என்ற கேள்விக்கு ‘முன்னைக்கு இப்ப பரவாயில்லை’ என்று பதில். மாதம் எட்டு வந்தது ஐந்தானால் பரவாயில்லை என்று நாம் பழகிவிட்டோம். ஈறு வீங்கி, பகலெல்லாம் தூக்கம் சொக்கி, பள்ளிப் படிப்பு பாதியில் நின்று, இருந்தும் ‘பரவாயில்லை’. சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்குத் திங்களும் வெள்ளியும் வேண்டிக்கொள்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. வேண்டுதலும் மருத்துவமும் ஒரே வீட்டில் இருக்கலாம். குறை, ஐந்து வலிப்பைப் போதுமென்று ஏற்றுக்கொண்ட மருத்துவத்தில் இருக்கிறது.

வேலூரில், 1952-இல்

இந்த அறுவை சிகிச்சை வெளிநாட்டுச் சங்கதி, புதுச் சோதனை என்று நினைப்பவர்கள் ஒரு தேதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவின் மாண்ட்ரியல் நகரில், வலிப்பு அறுவை சிகிச்சையின் பிதாமகரான வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் மூளை நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1952 ஆகஸ்டில், சிறுவயதிலேயே ஒரு பக்கம் செயலிழந்து வலிப்பால் அவதிப்பட்ட 19 வயது இளைஞருக்கு மூளையின் பழுதான ஒரு பாதியை அகற்றினார். இந்தியாவின் முதல் வலிப்பு அறுவை சிகிச்சை அது. எம்.ஆர்.ஐ. என்ற பெயரே பிறக்காத காலம்.

பிறகு வேகம் குறைந்தது. 1995-இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் கே. ராதாகிருஷ்ணன் முயற்சியில் முழுமையான வலிப்பு சிகிச்சைத் திட்டம் தொடங்கிய பிறகுதான் நாட்டில் இது மறுபடி சூடுபிடித்தது. தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறிப் போய் அங்கே குணமாகித் திரும்பியவர்கள் பலர்.

மண்டையைத் திறப்பதற்கு முன்னால்

‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா மண்டையைத் திறந்துடுவாங்க’ என்ற பயம்தான் பல குடும்பங்களை வாசலிலேயே நிறுத்துகிறது. மதிப்பீடு என்பது வேறு, அறுவை என்பது வேறு. மதிப்பீட்டுக்குப் போகும் பலர் கத்தியே படாமல் பலன் பெற்றுத் திரும்புகிறார்கள். சிலருக்கு இத்தனை நாள் கொடுத்தது தவறான மருந்து என்று தெரியவரும். விடியற்காலையில் கை உதறி டம்ளரைத் தவறவிடும் இளவயது வலிப்பு ஒன்று உண்டு. அதற்குக் கார்பமாசெபின் கொடுத்தால் உதறல் கூடும். மருந்தை மாற்றினாலே போதும். இன்னும் சிலருக்கு வருவது வலிப்பே இல்லை, மன அழுத்தம் உடல் வழியே வெளிப்படுவது. அவர்களுக்கு வேண்டியது வேறு சிகிச்சை.

இதையெல்லாம் பிரித்துக் காட்டுவது வீடியோ ஈ.ஈ.ஜி. நோயாளியைச் சில நாட்கள் ஓர் அறையில் அனுமதித்து, தலை முழுக்க மின்வாய் ஒட்டி, இரவு பகலாகக் கேமரா ஓட விடுவார்கள். மருந்தைக் கண்காணிப்போடு குறைப்பார்கள். வலிப்பு வர வேண்டும். இத்தனை வருடம் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்ட அம்மா, இப்போது வரட்டும் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் காத்திருப்பாள். வந்ததும் செவிலியர் ஓடி வந்து பெயர் கேட்பார், பேனாவைக் காட்டி என்ன என்பார், ஒரு சொல்லைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வார். எந்தக் கை திருகியது, முடிந்ததும் எந்தக் கையால் மூக்கைத் துடைத்தார் என்பதுகூடக் குறிக்கப்படும். மூளையின் எந்தப் பக்கம் தீப்பொறி கிளம்பியது என்பதை அந்தக் கை சொல்லிவிடும்.

அடுத்தது எம்.ஆர்.ஐ. ‘அதான் எடுத்தாச்சே, நார்மல்னு சொல்லிட்டாங்க’ என்பார்கள், ஜவுளிக்கடைப் பையில் சுருட்டி வைத்த படத்தைக் காட்டி. சாதாரண ஸ்கேன் வேறு. வலிப்புக்கென்றே, நினைவு உறுப்பான ஹிப்போகாம்பஸுக்குக் குறுக்காக மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் ஸ்கேன் வேறு. கடல்குதிரை வடிவில் இருக்கும் அந்தச் சிறு உறுப்பு சுருங்கித் தழும்பாகியிருப்பது முதல் வகைப் படத்தில் தப்பிப் போகலாம். குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு நீண்ட நேரம் வலிப்பு வந்தவர்கள் பலரிடம் இந்தத் தழும்பு காணப்படுகிறது.

மூன்றாவது, நினைவாற்றல் சோதனை. இது ஏன் என்பதற்கு ஒரு துயரக் கதை இருக்கிறது. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பை நிறுத்த இரண்டு பக்க ஹிப்போகாம்பஸையும் எடுத்துவிட்டார்கள். வலிப்பு பெருமளவு குறைந்தது. ஆனால், அதற்குப் பிறகு சந்தித்த ஒருவர் முகம்கூட அவருக்கு நினைவில் நிற்கவில்லை. 2008-இல் இறக்கும்வரை அப்படியே. அதனால்தான் இன்று ஒரு பக்கம் மட்டுமே எடுக்கிறார்கள். மறுபக்கம் தனியாகச் சுமையைத் தாங்குமா, பேச்சு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நோயாளியின் தாய்மொழியிலேயே சோதித்துப் பார்க்கிறார்கள். முடிவில் நரம்பியல் மருத்துவர், அறுவை மருத்துவர், கதிரியக்க மருத்துவர், உளவியலாளர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவார்கள். எல்லாச் சோதனையும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் அறுவை.

■ பெட்டிச் செய்தி: பாதி வேகாத கறியும் கழுவாத கீரையும்

அந்த வேலூர் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் நாடாப்புழுவின் முட்டை மூளைக்குள் கட்டியாக மாறியதுதான். பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கும் இது வரும். புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டை தண்ணீரிலும் காய்கறியிலும் கலக்கிறது. கழிப்பறை, கை கழுவுதல், காய்கறியை அலசுதல், கறியை நன்றாக வேகவைத்தல் ஆகியவை வலிப்புக்கும் தடுப்பு மருந்து.

அறுவைக்குப் பிறகு

பலன் எவ்வளவு? டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள 116 சிறுவர் சிறுமியரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியாகி உலகமே திரும்பிப் பார்த்தது. 57 பேருக்கு அறுவை சிகிச்சை. 59 பேர் காத்திருப்புப் பட்டியலில் மருந்தோடு. ஓராண்டு முடிவில் அறுவை செய்தவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு அறவே இல்லை. மருந்தில் இருந்தவர்களில் 7 சதவீதம். பெரியவர்களிடம் கனடாவில் 2001-இல் நடந்த ஆய்வும் இதே கதையைத்தான் சொன்னது: 58-க்கு 8.

விலை இல்லாமல் இல்லை. எய்ம்ஸ் ஆய்வில் அறுவை செய்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கடுமையான பின்விளைவுகள் இருந்தன. பெரும்பாலும் ஒரு பக்கக் கை கால் பலவீனம். மூளையின் ஒரு பாதியையே துண்டித்துவிட வேண்டியிருந்த குழந்தைகளுக்கு இது வரும் என்று முன்பே தெரிந்ததுதான். நெற்றிப்பொட்டு மடல் அறுவையில் பார்வையின் மேல் ஓரத்தில் ஒரு பகுதி மங்கலாம். பேச்சு இருக்கும் பக்கமானால் பெயர்களை நினைவுகூர்வது சற்றுச் சிரமமாகலாம். உயிர் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இதை எதனோடு வைத்து எடைபோட வேண்டும் என்றால், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றோடுதான்.

மாத்திரை அன்றே நிற்காது. இரண்டு ஆண்டு போலத் தொடர்ந்து, பிறகு மெல்லக் குறைப்பார்கள். சிலருக்கு வலிப்பு திரும்பும். அறுவைக்குப் பொருந்தாதவர்களுக்குக் கழுத்து நரம்பில் மின்தூண்டல் கருவி, குழந்தைகளுக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு என வேறு வழிகள் உண்டு. ஆனால், கருவிக்குப் பல லட்சம் ஆகும். சோறு சாப்பிடும் வீட்டில் கீட்டோவைக் கடைப்பிடிப்பது பெரும்பாடு.

வழி இருக்கிறது, சீட்டு வேண்டும்

அரியலூரில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது சென்னை. திருச்சியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நேரடி ரயில். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிம்ஹான்ஸ் எல்லாமே ஓர் இரவுப் பயணத்துக்குள். தூரம் ஒரு தடையே இல்லை. தடை, ‘இவரை அங்கே அனுப்புகிறேன்’ என்று எழுதித் தரும் ஒரு வரி. வளர்ந்த நாடுகளிலேயே நோய் தொடங்கி 20 ஆண்டு கழித்துத்தான் நோயாளிகள் அறுவை மேசைக்கு வருகிறார்கள் என்பது மருத்துவர்கள் தங்களுக்குள்ளேயே பேசி வருந்தும் செய்தி. 2022-இல் அதே சர்வதேசச் சங்கம் மீண்டும் அழுத்திச் சொன்னது: இரண்டு மருந்து தோற்றது உறுதியானதும், 70 வயது வரை யாராக இருந்தாலும், உடனே மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள்.

2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அறுவை அங்கே நடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாதம் ஒரு நாள், இரு மாவட்டத்து வலிப்பு நோயாளிகளின் சீட்டுகளை எல்லாம் எடுத்து வைத்து, இரண்டு மருந்து தோற்றவர்கள் யார் என்று பிரித்து அனுப்ப ஒரு மேசையும் ஒரு மருத்துவரும் இருந்தால் போதும். வீடு தேடி நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து கொண்டுபோகும் அரசால் இதைச் செய்ய முடியும்.

அதுவரை குடும்பங்களே கேட்க வேண்டியிருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எடுத்துவையுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. உங்களுக்குச் சொல்லப்படும் சோதனையும் அறுவையும் அதில் சேருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையிலோ 1800 425 3993 எண்ணிலோ முன்பே கேளுங்கள். திருவனந்தபுரத்தில் வருமானத்துக்கேற்பக் கட்டணச் சலுகை உண்டு. வலிப்பு வந்த தேதிகளை நாட்காட்டியில் குறியுங்கள். ஒரு வலிப்பையாவது கைபேசியில் எடுத்துவையுங்கள். பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த மருந்து, எந்த அளவில், எத்தனை மாதம் என்பது அதில்தான் இருக்கிறது.

அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, மூன்றாவது மருந்தின் பெயரை எழுதப் பேனா எடுக்கும் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: “டாக்டர், ரெண்டு மருந்தும் கேக்கலை. எங்களை வீடியோ ஈ.ஈ.ஜி. இருக்குற இடத்துக்கு எழுதிக் குடுங்க.”